மாதச் சம்பளமா, முதல் புத்தகமா? சிறார் படப் புத்தக ஓவியராக நினைப்பவருக்கு ஓர் ஒப்பீடு

என் தோழியின் தங்கை கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். "இதுல எதை எடுக்கறது, அக்கா?"

முதல் காகிதம் சென்னையில் குழந்தைகளுக்கான காணொளிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் வேலை ஆணை. மாதம் 25,000 ரூபாய். இரண்டாவது ஒரு பதிப்பகத்தின் கடிதம். 24 பக்கப் படப் புத்தகம் ஒன்றுக்கு மொத்தமாக 36,000 ரூபாய், ஒரே தொகை, அதற்குமேல் எதுவும் இல்லை. மூன்றாவது, சொந்தக் காசில் கதைப் புத்தகம் போட நினைக்கும் ஒருவர் எழுதியது. முன்பணம் கிடையாது, விற்பதில் ஐந்து சதவீதம் ராயல்டி.

மூன்றையும் பார்த்துவிட்டு, "பையில் வேறு என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். A4 தாள்களை மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து அவளே செய்த மாதிரிப் புத்தகம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மூடியைத் தேடிப் பேத்தி தெருத்தெருவாகப் போகும் கதை. யாரும் கேட்காமலே, தனக்காக வரைந்தது. அன்று மேசையில் இருந்தது நாலு வழி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பதினேழு வருடமாகச் சிறார் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். அன்று அவளோடு உட்கார்ந்து போட்ட கணக்கையும் பேசிய பேச்சையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்: "ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும்? வேலை முடிந்த பிறகு என் கையில் என்ன மிஞ்சும்?

சம்பள வேலை

முதலில் சம்பளத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இளக்காரமாகப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வளர்ந்த படங்களில் பல, சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓவியர் வரைந்தவை. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில், 1950களின் தொடக்கத்தில் சேர்ந்தவர் கே. சி. சிவசங்கரன். சங்கர் என்றால் எல்லாருக்கும் தெரியும். தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளோடு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை இன்று நாம் மனத்தில் பார்ப்பது அவருடைய கோட்டில்தான். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, அப்புறம் அம்புலிமாமாவுக்குப் போய் சுமார் அறுபது வருடம் வரைந்தார். 2020இல் மறைந்தார். அடுத்த வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மாதாமாதம் சம்பளம் வந்ததால்தான் ஒரே வேலையில் அத்தனை வருடம் ஊன்றி நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த நாற்காலி இன்று இல்லை. அந்த அளவில் ஓவியர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் சிறார் இதழ் தமிழில் இல்லை. இன்று சம்பளத்துக்கு வரைவதென்றால் பாடல் காணொளி, கற்றல் செயலி, தனியார் பாடநூல் போன்றவைதான். அங்கே நிறையக் கற்கலாம். வேகம் வரும், கணினியில் படத்தை லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான தனி அடுக்குகளாக, பிரித்து ஒழுங்காக வேலை செய்யும் பழக்கம் வரும், சொன்ன தேதிக்குக் கொடுக்கும் கட்டுப்பாடு வரும். நானே முதல் மூன்று வருடம் பாடநூல் வரைந்தவள்தான். இலை, பூச்சி, நீர்ச்சுழற்சி, தபால்காரர் என்று வரைந்து தள்ளியதில் கை பழகியது.

அங்கே கற்க முடியாத ஒன்று உண்டு. பக்கம் திருப்புவது.

படப் புத்தகத்தில் கதை நகர்வது வரியிலும் இல்லை, படத்திலும் இல்லை. குழந்தையின் விரல் பக்கத்தைப் புரட்டும் அந்த ஒரு நொடியில் நகர்கிறது. வலது பக்கத்தின் ஓரத்தில் ஒரு வால் மட்டும் தெரிய வேண்டும். அது யாருடைய வால் என்பது புரட்டினால்தான் தெரிய வேண்டும். வரியில் "பூனை சமர்த்தாக இருந்தது" என்று இருந்தால், படத்தில் பூனையின் மீசையில் பால் இருக்க வேண்டும். எழுத்தாளர் சொன்னதையே ஓவியர் திரும்ப வரைந்தால் குழந்தைக்குச் செய்ய வேலை இல்லாமல் போகிறது. இதையெல்லாம் சொல்லித் தர ஒரு நல்ல பதிப்பாசிரியர் வேண்டும். "ஏழாம் பக்கத்துல எல்லாத்தையும் காட்டிட்டீங்களே, எட்டாம் பக்கத்துக்கு அவன் எதுக்குப் போகணும்?" என்று என் முதல் பதிப்பாசிரியர் கேட்ட கேள்வி, எந்தக் கல்லூரியும் எனக்குத் தராத பாடம்.

சம்பள வேலையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக ஊழியர் செய்யும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். இது நியாயம்தான், அதற்குத்தான் சம்பளம். ஆனால் சில வேலை ஆணைகளில் இதற்கும் மேலே ஒரு வரி இருக்கும்: பணியில் இருக்கும் காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாம் நிறுவனத்துக்கே. "எல்லாம்" என்றால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து வரையும் வெற்றிலைப் பெட்டியும் அதில் சேரும். அவளுடைய ஆணையின் நான்காம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அவள் அதைப் படித்திருக்கவில்லை. "வேலை நேரத்தில், நிறுவனத்தின் வேலைக்காக" என்று மாற்றித் தரச் சொல்லிக் கேள் என்றேன். மாற்றினால் இந்த வேலை நல்ல வழி. மாற்ற மாட்டோம் என்றால், படப் புத்தகம் செய்ய வேண்டும் என்ற ஆசை இருப்பவர் போகக் கூடாத இடம் அது.

மொத்தத் தொகை

நாங்கள் நீண்ட நேரம் பேசியது இரண்டாவது காகிதத்தைப் பற்றி. படப் புத்தக ஓவியர்களில் நிறையப் பேர் இந்த முறையில்தான் வேலை செய்கிறார்கள்.

36,000 ரூபாய் என்றதும் அவள் கண் விரிந்திருந்தது. சரி, நாள் கணக்குப் போடு என்றேன். 24 பக்கப் புத்தகத்தில் பதினோரு இரட்டைப் பக்கங்கள் வரும், முதலும் கடைசியும் ஒற்றைப் பக்கங்கள். இரண்டு ஒற்றையையும் சேர்த்து ஒன்றாக வைத்தால் பன்னிரண்டு படம். ஸ்டோரிபோர்டுக்கு, அதாவது எந்தப் பக்கத்தில் எது வரும் என்று சின்னக் கட்டங்களில் வரைந்து திட்டமிடுவதற்கு, எட்டு நாள். பென்சிலில் முதல் வரைவான ரஃப், படத்துக்கு ஒரு நாளாகப் பன்னிரண்டு நாள். பதிப்பாசிரியர் சொல்லும் திருத்தங்களுக்குப் பத்து நாள். வண்ணம் படத்துக்கு மூன்று நாளாக முப்பத்தாறு நாள். அட்டைக்கு ஐந்து, கடைசித் திருத்தத்துக்கு நாலு. ஆக 75 நாள். நான் வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. நீர்வண்ணத்தில் எனக்கு ஆகும் நாள் இது. 36,000ஐ 75ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 480 ரூபாய்.

அந்த நிறுவனத்தின் சம்பளம் நாளுக்கு ஆயிரத்தை ஒட்டி வருகிறது. எங்கள் தெருவில் போன வருடம் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர் வாங்கிய கூலியும் 480ஐ விட அதிகம். இந்தத் தொகைக்கு ஒரு வருடம் முழுக்க மூச்சுவிடாமல் நாலு புத்தகம் செய்தாலும் கிடைப்பது 1,44,000, அதாவது மாதம் 12,000. சென்னையில் வாடகை கொடுத்து வாழ முடியாது. இதை நான் அவளிடம் மறைக்கவில்லை. படப் புத்தகத்தை மட்டும் நம்பி முதல் வருடத்தில் குடும்பம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் நல்லதை நினைத்துச் சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் இதை எடுக்க வேண்டும்? இரண்டு காரணம். ஒன்று, அந்த 75 நாளும் சேர்ந்தாற்போல வராது. ரஃப் அனுப்பிவிட்டுப் பதிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க நேரும். மொத்தம் ஆறேழு மாதம் இழுக்கும். அந்த இடைவெளியில் வேறு வேலை செய்யலாம். நான் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எடுத்தேன். இரண்டாவது, அட்டையில் பெயரோடு அச்சான ஒரு புத்தகம், அதுவும் நல்ல பதிப்பாசிரியர் கைபட்ட புத்தகம், அடுத்த புத்தகத்தைத் தானே கூட்டிக்கொண்டு வரும். பதிப்பகங்கள் ஓவியரைத் தேடுவது மற்றப் பதிப்பகங்களின் புத்தகங்களில்தான். போர்ட்ஃபோலியோவில் நாற்பது தனித்தனிப் படங்களைப் பார்ப்பதைவிட, ஒரே பாத்திரம் 24 பக்கமும் முகம் மாறாமல் வருகிறதா என்று அச்சான புத்தகத்தில் பார்ப்பது அவர்களுக்கு நம்பிக்கை தரும்.

ஆனால் கடிதத்தில் ஒப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன அதே 17ஆம் பிரிவில் இன்னொரு உட்பிரிவு உண்டு. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். "நான்தானே வரைந்தேன், என்னுடையதுதானே" என்ற நினைப்பு இங்கே செல்லாது. காகிதத்தில் எழுதாவிட்டால் உங்கள் கையை விட்டுப் போகும்.

என் கையை விட்டுப் போயிருக்கிறது. என் இரண்டாவது புத்தகத்துக்கு வந்தது நாலே வரிக் கடிதம். அதில் "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தது. புத்தகம்தானே என்று கையெழுத்துப் போட்டேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு கடையில் பள்ளிக்கூடப் பை ஒன்றில் என் யானையைப் பார்த்தேன். முதுகில் சிட்டுக்குருவி உட்கார்ந்திருக்கும் அதே யானை. குருவியை எடுத்துவிட்டு, யானைக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். என் பெயர் எங்கும் இல்லை. வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். விற்கும் உரிமையை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு அப்போது தெரியாதது ஒன்று: உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், அதைச் சிதைத்துத் தன் பெயருக்குக் கெடுதல் வராமல் தடுக்கவும் படைத்தவருக்கு 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தெரிந்திருந்தால் குறைந்தது ஒரு கடிதமாவது எழுதியிருப்பேன். காசு போனதைவிட அந்தக் குருவி போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதனால் அவளுடைய கடிதத்தை வைத்துக்கொண்டு, பென்சிலால் வரி வரியாகத் திருத்தினோம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். பதிப்பகத்துக்குக் கொடுப்பது, பெயர் சொல்லப்பட்ட மொழிகளில் புத்தகமாக வெளியிடும் உரிமை. பொம்மை, பை, காலண்டர், காணொளி எதுவானாலும் தனியாகப் பேச வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அது ஓவியருக்கு நல்லதுதான், ஆனால் அதை நம்பி எழுதாமல் விடக் கூடாது. அட்டையில் எழுத்தாளர் பெயர் எந்த அளவில் வருகிறதோ அதே அளவில் ஓவியர் பெயரும் வர வேண்டும். மூலப் படங்கள் வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும். படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரியை இப்போதெல்லாம் நான் சேர்க்கிறேன். பணம் மூன்று தவணை: கையெழுத்தில் ஒன்று, ரஃப் முடிந்ததும் ஒன்று, இறுதிப் படங்கள் கொடுத்ததும் ஒன்று. புத்தகம் அச்சான பிறகு தருகிறோம் என்பதை ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அச்சுக்குப் போவது உங்கள் கையில் இல்லை. திருத்தம் இரண்டு சுற்று வரை இந்தத் தொகைக்குள், அதற்குமேல் தனித் தொகை. இந்த ஒரு வரியே 480ஐ 300 ஆகாமல் காப்பாற்றும்.

இப்படிக் கேட்டால் வாய்ப்புப் போய்விடாதா என்று பயந்தாள். நல்ல பதிப்பகம் இதில் பாதிக்கு மேல் உடனே ஒத்துக்கொள்ளும். மீதிக்குப் பேச்சு நடக்கும். கேட்டதற்காகவே கதவைச் சாத்துகிற இடத்தில் 75 நாள் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன்.

ராயல்டி

விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு என்றால் கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். 200 ரூபாய் விலை, ஓவியருக்கு ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்குப் பத்து ரூபாய். 36,000 ரூபாயைத் தொட 3,600 பிரதி விற்க வேண்டும். முதல் அச்சே 2,000 என்றால், மறு அச்சுப் போய் அதிலும் பெரும்பகுதி விற்றால்தான் மொத்தத் தொகைக்குச் சமம். அதுவும் ஐந்து சதவீதம் எதன்மேல் என்பதைப் பொறுத்தது. அட்டையில் போட்ட விலைமேலா, கடைக்காரர் கழிவு போகப் பதிப்பகத்துக்குக் கையில் வரும் தொகைமேலா? கழிவு போய் 110 ரூபாய் வருகிறதென்றால், உங்கள் பத்து ரூபாய் ஐந்தரை ரூபாய் ஆகிவிடும். நூலக ஆணை, பள்ளிகளுக்கு மொத்தமாகக் கொடுப்பது இவற்றுக்குத் தனி விகிதம் என்று சில ஒப்பந்தங்களில் ஒரு மூலையில் இருக்கும். அந்த மூலையைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சிறார் புத்தகம் ஆயிரக்கணக்கில் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

இருந்தும் ராயல்டியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. முன்பணத்தோடு வரும் ராயல்டிதான் எல்லா ஏற்பாடுகளிலும் சிறந்தது. 30,000 முன்பணம், அது ராயல்டியில் கழிந்த பிறகு மேற்கொண்டு பங்கு, விற்காவிட்டாலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இப்படிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பேன். படப் புத்தகத்துக்கு ஆயுள் அதிகம். மூன்று வயதில் பார்த்த புத்தகத்தைத் தன் குழந்தைக்குத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தோடு சேர்த்து ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. ஒரு புத்தகம் அப்படிப் பல மொழியில் போகும்போது, அதே படங்கள் மொழிக்கு மொழி உங்களுக்காக மறுபடியும் சம்பாதிக்கின்றன. அந்தப் பெருக்கத்தில் மொத்தத் தொகை வாங்கியவருக்குப் பங்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம். பல மொழிப் புத்தகத்தில் எழுத்து பெரும்பாலும் கறுப்பு மையில் தனி லேயரில் இருக்கும். நான்கு வண்ண அச்சுத் தகடுகளில் கறுப்பை மட்டும் மாற்றி அடுத்த மொழியை அடிக்கலாம் என்பதற்காக. அதனால் எழுத்தைப் படத்துக்குள் வண்ணத்தில் வரைந்து கலக்கக் கூடாது. அப்புறம், ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடிவது தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரியாக நீளும். எழுத்துக்கென விடும் வெற்றிடத்தை நீளமான மொழியை நினைத்து விட வேண்டும். இது தெரிந்த ஓவியரைப் பதிப்பகங்கள் திரும்பக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது காகிதத்துக்கு வருகிறேன். முன்பணம் இல்லாத ராயல்டி, அதுவும் புத்தகத்தைக் கடைக்குக் கொண்டுபோக வழி தெரியாதவரிடமிருந்து. அவர் நல்ல மனிதர், பேரக் குழந்தைகளுக்குச் சொன்ன கதையைப் புத்தகமாக்க ஆசைப்படுகிறார். ஆனால் 75 நாள் உழைப்பின் அபாயம் முழுவதையும் ஓவியர் தலையில் வைக்கும் ஏற்பாடு இது. வேண்டாம் என்றேன். நாமே சொந்தமாகப் போடலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு அதுவும் வேண்டாம். நான்கு வண்ணத்தில் 300 பிரதி அடித்தால் பிரதிக்கு ஆகும் செலவு கைமீறும், 2,000 அடித்தால் அட்டைப்பெட்டிகளை வைக்க இடம் வேண்டும், கடைக்காரர் கழிவு கொடுத்தது போக மிஞ்சுவது சொற்பம். வாசகர் வட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொண்ட பிறகு யோசிக்கலாம்.

திறந்த உரிமம்

அவள் கேட்காத ஒரு வழியையும் சொன்னேன். பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2004இல் தொடங்கிய லாப நோக்கமற்ற பதிப்பகம். 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார்கள். அதில் உள்ள கதைகளையும் படங்களையும், பெயரைக் குறிப்பிட்டு யாரும் இலவசமாகப் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், மாற்றி வேறு கதையாகக்கூடச் செய்யலாம். 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. புத்தகக் கடையே இல்லாத ஊரில், பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் பார்க்காத குழந்தையின் மொழியில் உங்கள் படம் போய்ச் சேருகிறது. இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் மனத்தில் வைத்திருக்கும் குழந்தை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியதும் உண்டு. அந்த உரிமத்தை ஒரு முறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அது இடம் தருகிறது. என் யானைக்கு நடந்தது அங்கே முறைப்படியே நடக்கலாம். ஒரே வித்தியாசம், பெயர் இருக்கும். அதனால் என் கருத்து இது: பதிப்பகம் பணம் கொடுத்து, திறந்த உரிமத்தில் வெளியிடும் புத்தகத்தை மனதாரச் செய்யலாம். நானும் செய்வேன். ஆனால் வாழ்நாள் முழுக்க வளர்க்க நினைக்கும் பாத்திரத்தை, அந்த வெற்றிலைப் பெட்டிப் பேத்தியை, அங்கே வைக்க வேண்டாம்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து, அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறார்கள். சில பக்கங்களுக்குள், மிகக் குறைந்த வரிகளோடு கதை சொல்லிப் பழக இதைவிட நல்ல களம் இல்லை.

வெளிநாட்டுப் பதிப்பகம், முகவர் பற்றியும் கேட்டாள். முதல் வருடத்தில் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியில் போலோனியா சிறார் புத்தகக் காட்சி ஒவ்வொரு வருடமும் ஓவியர் கண்காட்சி நடத்துகிறது, 1967இலிருந்து. ஐந்து படங்கள் கொண்ட தொகுப்பை அனுப்ப வேண்டும். அனுப்பிப் பார்க்கலாம். ஒரே கதையில் ஐந்து படம் ஒன்றோடொன்று இசைந்து நிற்க வேண்டும் என்பதே நல்ல பயிற்சி. சென்னையில் 2023இலிருந்து பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடப்பதால் வெளிநாட்டுப் பதிப்பாளர்களை இங்கேயே பார்க்க முடிகிறது. திருவான்மியூரில் தாரா புக்ஸ் இருக்கிறது. கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம் போன்றவர்களோடு சேர்ந்து, கைத்தாளில் திரை அச்சில் புத்தகம் செய்து, 2013இல் போலோனியாவில் ஆசியாவின் சிறந்த சிறார் பதிப்பகம் என்ற விருதை வாங்கியவர்கள். போய் அந்தப் புத்தகங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா என்றேன். தொழிலாக எடுக்கும் வழி என்பதைவிட, புத்தகம் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கண்ணைத் திறந்துவிடும் இடம்.

பையில் இருந்த நோட்டு

இப்போது நாலாவது வழி. தானே எழுதி, தானே வரைவது. அந்த நாலில் நீண்ட நாளைக்குச் சிறந்தது இதுதான் என்று சந்தேகமில்லாமல் சொல்வேன். எழுத்தாளர் பங்கும் ஓவியர் பங்கும் ஒரே கைக்கு வருகிறது. ஐந்து சதவீதம் பத்தாகிறது. அதைவிடப் பெரிது, "இந்த வரி வேண்டாம், படமே சொல்லிவிடும்" என்று முடிவெடுக்கும் உரிமை. பிறர் கதைக்கு வரையும்போது ஒரு வரியை வெட்டச் சொல்ல நான் எத்தனை மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்! சென்னையைச் சேர்ந்த அசோக் ராஜகோபாலன் கஜபதி குலபதி என்ற யானையை எழுதியும் வரைந்தும் வளர்த்ததைப் பார்த்தால் புரியும். அந்த யானையின் சிரிப்பும் வரிகளின் தாளமும் ஒரே ஆளிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

ஆனால் அவளுடைய நோட்டு இன்னும் தயாராக இல்லை. கதை நன்றாக இருக்கிறது. பேத்தி கேட்கும் ஒவ்வொரு கடையிலும் மூடி ஏதோ ஒரு வேடத்தில் ஒளிந்திருக்கிறது, தராசுத் தட்டாக, பொம்மையின் தொப்பியாக. பார்க்கிற குழந்தைக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. அருமையான யோசனை. ஆனால் ஒவ்வொரு கடையும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே தூரத்தில் வரையப்பட்டிருந்தது. புரட்டப் புரட்ட அடுத்தது என்ன என்ற துடிப்பு வரவில்லை. இதைச் சரிசெய்ய அவளுக்கு ஒரு பதிப்பாசிரியரோடு ஒரு முழுப் புத்தகம் சண்டை போட்ட அனுபவம் வேண்டும்.

அதனால் நான் சொன்னது இதுதான். நிறுவனம் அந்த வரியை மாற்றினால் வேலையையும் எடு, பதிப்பகத்திடம் புத்தகத்துக்கு ஒரு வருட அவகாசம் கேள். மாற்றாவிட்டால் புத்தகத்தை மட்டும் எடு, மாதச் செலவுக்குப் பள்ளியில் ஓவிய வகுப்பு பார்க்கலாம். வீட்டில் உடனே பணம் தேவை, தம்பி படிப்பு, அப்பா மருந்து என்று இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: முதல் இரண்டு வருடம் சம்பளம், அந்த வரி இல்லாத எந்த இடமானாலும் சரி. அவளுக்கு அப்படி அவசரம் இல்லை. மூன்றாவது காகிதத்துக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதிவிடு. நோட்டை யாரிடமும் கொடுக்காதே, எனக்குக்கூட நகல் வேண்டாம்.

நிறுவனம் வரியை மாற்றவில்லை. பதிப்பகம், நாங்கள் பென்சிலால் எழுதியவற்றில் மூலப் படம், மூன்று தவணை, அட்டையில் பெயர் மூன்றையும் உடனே ஒத்துக்கொண்டது. பதிப்புரிமை ஓவியரிடம் இருக்கட்டும், புத்தகமாக வெளியிட எங்களுக்குப் பத்து வருடம் வேண்டும் என்று கேட்டது. ஏழு என்று முடிந்தது. தொகை 40,000 ஆயிற்று. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியில் வகுப்பு எடுக்கிறாள்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். ஸ்டோரிபோர்டு திரும்பி வந்திருக்கிறதாம். ஏழாவது இரட்டைப் பக்கத்தில் எழுத்துக்கு விட்ட இடம் போதவில்லை, மலையாளம் மூன்று வரி வரும், மரத்தை இடப்பக்கம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். "தள்ளினா குரங்கோட வால் பக்கத்துக்கு வெளியே போயிடுதே, அக்கா" என்றாள். போகட்டும், அடுத்த பக்கத்தில் உள்ளே வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது.